மூன்றாம் வலயம்

கல்லடியில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
கீழே தகரம் வெட்டுகிறார்கள்.
நான் வின்னிபெக்கில் ஒரு பின்வளவுக்கு
மரம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கே இன்று மைனஸ் முப்பத்தொன்று.
இங்கே விசிறி சுற்றியும்
விசைப்பலகையில் விரல் வழுக்குகிறது.
மாசி. மழை விட்டு மூன்று கிழமை.
வாசலில் கொட்டாங்காய் மரம்
சிவந்து சிவந்து கொட்டுகிறது.
கடை முதலாளி ஒவ்வொரு காலையும்
அதைத் திட்டியபடியே கூட்டுகிறார்.

மூன்றாம் வலயம் என்றால்
நாற்பது பாகைக் குளிரிலும் வேர் சாகக்கூடாது.
நான்காம் வலயச் செடியை ஆசைப்பட்டு வைத்தால்
ஒரு குளிர்காலம், அவ்வளவுதான்.
எழுபத்திரண்டு தோட்டம் வரைந்துவிட்டேன்.
பனி எனக்கு இன்னும்
ஐஸ்பெட்டியின் மேல்தட்டு.

திருமதி கோவல்சக் எழுதியிருந்தாள்:
படுக்கையறை யன்னலுக்கு நிறம் வேண்டும்,
இலை பழுக்கத் தொடங்கி பனி மூடும்வரை.
கணவர் இனி எழும்பமாட்டார்.

சிவப்பைக் கொட்டினேன்.
அமுர் மேப்பிள் ஐந்து.
கொத்தாகச் சுமாக்;
அது ஓடிப் பரவும், பரவட்டும்.
வேலியோரம் கிரான்பெரிப் புதர்.
மாமாங்கத் தேருக்குச் சீலை கட்டுகிறவள்போல
சிவப்புக்குமேல் சிவப்பு சுற்றி
அனுப்பியும் விட்டேன்.

இரவோடு பதில்.
நல்ல வரைபடம், நன்றி.
ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்,
அவருக்குச் சிவப்பு தெரியாது. பிறவியிலேயே.
நாற்பத்தாறு வருடம் எனக்காகத்தான்
அழகு, அழகு என்றிருக்கிறார்.

யுபிஎஸ் பற்றரி மாற்ற வந்தான் நிமலகாந்தன்.
ரயில் சாரதி வேலைக்குப் போய்
புள்ளிப் புத்தகத்தில் இலக்கம் வாசிக்க ஒண்ணாமல்
அடுத்த கோச்சியிலேயே திரும்பி வந்தவன்.
கதிரையைத் தள்ளிக் கொடுத்தேன்.
இதைப் பாரு.

மேப்பிள்.
"காய்ஞ்ச சேறு."
சுமாக்.
"இதுவும் சேறுதான். மரத்துல இலை நிக்கிதா?"
பேர்ச்.
முதுகை நிமிர்த்தினான்.
"இது லைட் போட்ட மாதிரி இரிக்கி."
லார்ச்.
"மறுகா இது என்ன? சவுக்கா?"
சவுக்கு மாதிரித்தான், ஊசியிலை,
ஆனால் வருடத்துக்கு ஒருக்கா
மஞ்சளாகி அத்தனை ஊசியும் உதிர்க்கும் என்றேன்.
நம்பவில்லை. படத்தைப் பெரிதாக்கச் சொன்னான்.
கொஞ்சநேரம் கழித்து,
"பின்னுக்கு நீலமா ஒண்டு வெச்சாத்தான் இது எடுபடும்.
நீலம் எங்களுக்கு நல்லா வெளங்கும்."

எங்களுக்கு என்றான்,
வின்னிபெக்கில் கிடக்கிற
ஒரு கிழவரையும் சேர்த்து.

நீல ஸ்ப்ரூஸ். இரண்டாம் வலயம். சாகாது.
அதன் முன்னால் லார்ச் மூன்று,
கடைசியாய் மஞ்சளாவது அதுதான்.
முதலில் பேர்ச். இலை போனாலும்
வெள்ளைத் தண்டு மிஞ்சும்.
இடையில் அஸ்பென்:
காம்பு தட்டை, காற்றே இல்லாத நாளிலும் ஆடும்.
படுத்திருப்பவருக்கு அசைகிற ஒன்று வேண்டும்.
வேர் வீட்டை நோக்கி வரும்,
முப்பது அடி தள்ளினேன்.

சிவப்பை ஒவ்வொன்றாய் அழித்துவந்து
கடைசி மேப்பிளில் கை நின்றது.
அதைச் சமையலறை யன்னலடிக்கு நகர்த்தினேன்.
கோப்பை கழுவுகிறவளுக்கும் கண் இருக்கிறது.

அளவு நிரலில்
எப்போதும் போடுவது இரண்டடிக் கன்று.
மலிவு, நன்றாக வேர் பிடிக்கும்,
யன்னல் உயரத்துக்கு வர ஆறேழு வருடம்.

இரண்டை அழித்துப் பதினான்கு போட்டேன்.
தொகை நாலு மடங்காகிச் சிவப்பில் மினுங்கியது.
காரணம் எழுதவும் என்றது பெட்டி.

நிமலகாந்தன் பழைய பற்றரியைத் தூக்கிக்கொண்டு
படி இறங்குகிறான்.
நான் எழுதுகிறேன்:
இந்த ஐப்பசிக்கே வேண்டும்.